தேடினால் கிடைக்காதவள்

போன வாரம் ஒரு நாள் பூட்டு தன் வீட்டு வாசலில் ஒரு செருப்பை மாட்டிக்கொண்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தாள். செருப்பு கிடைத்துவிட்டது. செருப்பு அலமாரிக்கு அடியில், சுவரோரமாக, தரையில் உட்கார்ந்து கையை விட்டுத் துழாவினால்தான் எட்டும் என்கிற அளவுக்கு உள்ளே போய்க் கிடந்தது. செருப்புக்குத் தனியாகக் கால் முளைத்தாலும் அவ்வளவு தூரம் போகாது. ஆனால் இண்டர்வியூவுக்குக் கிளம்புகிற அவசரத்தில் அவள் அதையெல்லாம் யோசிக்கவில்லை.

பூட்டு என்பது அவளுக்கு வீட்டில் வைத்த பேர். கல்யாணமான புதிதில் படுக்கப் போகும் முன்னால் கதவை இழுத்து இழுத்துப் பார்ப்பாள். அதைப் பார்த்துச் சிரித்து அவள் கணவர் வைத்தது. அவர் மருந்துக்கடை வைத்திருக்கிறார். மகள் பள்ளிக்கூடத்தில் கடைசி வருஷம்.

மகள் நடை பழகிய சமயத்தில் பூட்டு ஒரு வங்கியின் கண்காணிப்பு அறையில் சேர்ந்தாள். வங்கியின் கம்ப்யூட்டர்களுக்குள் எவனாவது திருட்டுத்தனமாக நுழைகிறானா என்று இரவும் பகலும் திரையைப் பார்த்துக்கொண்டே இருக்கிற அறை. கடைசியில் ஒரு ஷிப்டுக்கே தலைவியாக இருந்தாள். போன வருஷம் வங்கி அந்த அறையையே இழுத்து மூடிவிட்டு, வேலையை ஒரு வெளிக் கம்பெனியிடம் கொடுத்துவிட்டது. அன்றிலிருந்து வேலை தேடுகிறாள். தேடுவது 'துழாவி'யில்.

இந்தத் தொழிலில் ஒரு தொல்லை உண்டு. ஒரே வேலைக்குக் கம்பெனிக்கு ஒரு பேர். ஒருவர் அனலிஸ்ட் என்பார், இன்னொருவர் ரெஸ்பாண்டர் என்பார், மூன்றாவது ஆள் வேட்டைக்காரர் என்று பேர் வைத்துவிட்டு மீசையை முறுக்குவார். எல்லாம் ஒன்றுதான். அலாரம் அடித்தால் எழுந்து ஓட வேண்டும். அதனால்தான் துழாவி வந்தது. கம்ப்யூட்டர் பாதுகாப்பு வேலைகளை மட்டும் தேடித் தருகிற தளம். அது வேலையின் பேரைக் கேட்காது. அலாரம் வந்தால் முதலில் என்ன செய்வீர்கள், யாரை எழுப்புவீர்கள், எதைத் தொட மாட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்கும். பதிலைப் பார்த்து, உங்கள் வேலை எந்தக் கம்பெனியில் எந்தப் பேரில் ஒளிந்துகொண்டிருக்கிறது என்று கண்டுபிடித்துக் காட்டும். கம்பெனிக்காரர்களும் அதே இடத்தில்தான் ஆட்களைத் தேடுவார்கள்.

அந்தத் துழாவியை நடத்துகிற கம்பெனியிலேயே அவளுடைய கொழுந்தன் வேலை பார்க்கிறான். அண்ணிக்கு வேலை போனதுமே வீட்டுக்கு வந்து, நீங்க அலைய வேண்டாம் அண்ணி, நானே எல்லாம் போட்டுத் தர்றேன் என்று லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்துவிட்டான். பாஸ்வேர்டு என்ன வைக்கட்டும் என்று கேட்டதற்கு, பூட்டு அடுப்படியிலிருந்தே, டிவிக்கு வச்சதையே வை என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்குள் யார் திருடப் போகிறார்கள்?

அதிலிருந்து வாரா வாரம் திறந்து பார்க்கிறாள். பாஸ்வேர்டு மறந்துபோனவர்களுக்குப் போனில் பதில் சொல்கிற வேலை. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டர் அறையில் உதவியாள். புதிதாகச் சேர்கிற டிரெய்னி. மேலே பச்சை எழுத்தில், 'உங்களுக்குப் பொருத்தமானவை'. முதல் மாதம் கோபம் வந்தது. அப்புறம் அழுகை வந்தது. அதற்கும் அப்புறம், உலகமே கூடிப் பேசித் தன்னை வேண்டாம் என்று முடிவெடுத்துவிட்டது போலிருக்கிறது என்று அவளே நம்ப ஆரம்பித்துவிட்டாள். அன்றைக்குப் போனது ஒரு டிரெய்னி வேலைக்கு.

மருந்துக்கடைக்காரர் கிளம்பும்போது, ஆபீஸ் பக்கத்துலதானே, நடந்தே போயிடலாம் என்று திருப்தியாகச் சொல்லிவிட்டுப் போனார். மகள் அறை வாசலில் சாய்ந்துகொண்டு, "கிடைக்கலன்னா விட்டுத் தள்ளும்மா, சாயங்காலம் நாம ரெண்டு பேரும் படம் பார்க்கலாம்" என்றாள்.

அந்த வார்த்தையில் பூட்டுக்கு மனசு நிறைந்துபோனது. பாவம்.

*

இண்டர்வியூவுக்கு வந்திருந்தவர்கள் எல்லோரும் மகளைவிட நாலைந்து வயது மூத்தவர்கள், அவ்வளவுதான். நாற்காலியில் கால் ஆட்டிக்கொண்டிருந்த ஒருவன் அவளுக்கு மரியாதையாக இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தான்.

"ஆன்ட்டி, உங்க பையன் உள்ள போயிருக்கானா?"

"இல்லப்பா. நான்தான் உள்ள போகப் போறேன்."

அவன் போனைப் பார்க்கிற மாதிரி தலையைக் குனிந்துகொண்டான். அவளுக்குக் காது மடல் வரை சுட்டது.

உள்ளே இருந்தவனும் இளவட்டம்தான். பேனாவைச் சுழற்றிக்கொண்டே கேட்டான். நல்ல பாஸ்வேர்டு எப்படி இருக்க வேண்டும் என்றான். வங்கியில் ஊழியர்களுக்கு வருஷா வருஷம் அவள் பாடமாக எடுத்த விஷயம். பல்லைக் கடித்துக்கொண்டு பதில் சொன்னாள். நெருங்கின ஒருத்தர் உங்க பாஸ்வேர்டைக் கேட்டா என்ன செய்வீங்க என்றான்.

"குடுக்க மாட்டேன். வீட்டுக்காரரா இருந்தாலும் குடுக்க மாட்டேன்."

அவன் வெரி குட் என்றான். முதல் வகுப்பில் ஸ்டார் போடுவார்களே, அந்தக் குரலில். உங்க வயசுக்கு இந்த வேலை கொஞ்சம் சலிப்பா இருக்குமே மேடம் என்று கடைசியாக ஒரு வார்த்தையும் சேர்த்துக்கொண்டான்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது அவளுக்கு இரண்டு ஆசைகள் இருந்தன. ஒன்று, அந்தப் பேனாவைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறிவது. இன்னொன்று, எங்கேயாவது உட்கார்ந்து ஓவென்று அழுவது. இரண்டும் நடக்கவில்லை. லிஃப்ட் திறந்தது. உள்ளே கண்ணாடி நின்றுகொண்டிருந்தாள்.

கண்ணாடி என்பது வங்கியில் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தவள். சோடாபாட்டில் கண்ணாடி. வங்கி மூடியதும் இந்தக் கம்பெனியில் சேர்ந்திருக்கிறாள், மேல் மாடியில். அது பூட்டுக்குத் தெரியாது.

"அக்கா? நீங்க எங்க இங்க?"

பூட்டு சொன்னாள். கண்ணாடி சிரித்தாள். பூட்டு சிரிக்காததைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுபோனது.

"டிரெய்னி வேலைக்கா? எங்க டீமுக்குத் தலைமையே இல்லாம கிடக்கு அக்கா. நான் முதல்ல உங்களைத்தான் தேடினேன். துழாவியில உங்க பேரைப் போட்டா வரவே இல்ல. போனும் பழைய வங்கி நம்பர்தான் என்கிட்ட இருந்துச்சு. எங்கயோ பெரிய இடமாப் பிடிச்சுப் போயிட்டீங்கன்னு நினைச்சேன்."

வரவே இல்லையா?

கண்ணாடி அவளைத் தன் மேஜைக்கு இழுத்துக்கொண்டு போனாள். கம்பெனிக்காரர்கள் தேடுகிற பக்கத்தைத் திறந்து, அவள் கண் முன்னாலேயே பேரைப் போட்டாள். யாரும் இல்லை என்றது. அனுபவத்தைப் போட்டாள். வேறு யார் யாரோ வந்தார்கள், பூட்டு வரவில்லை. செத்துப்போனவர்களைத் தேடினால் இப்படித்தான் வருமோ?

அப்புறம் கண்ணாடி யாருடைய கணக்கிலும் நுழையாமல், வெறுமனே தளத்தைத் திறந்து, நீங்களே பதில் போடுங்கக்கா என்று மவுஸைத் தள்ளினாள். பூட்டு வழக்கமான அதே பதில்களைப் போட்டாள். திரை நிறைந்தது. கீழே இழுக்க இழுக்க வந்துகொண்டே இருந்தது. ஷிப்ட் தலைமை, டீம் தலைமை, தாக்குதல் நடந்தால் முதலில் கூப்பிடுகிற ஆள். அவள் செய்த வேலை, விதவிதமான பேர்களில், உலகம் பூராவும் கொட்டிக் கிடந்தது. கண்ணாடியின் டீம் தலைமை வேலை மேலேயே இருந்தது.

இப்போது தன் கணக்கைத் திறந்தாள். இத்தனை மாதமாக ஒரு தரம்கூடப் போகாத பக்கத்துக்குப் போனாள். அமைப்புகள். கொழுந்தன் போட்டுத் தந்தது என்று அவள் திரும்பிக்கூடப் பார்க்காத இடம்.

தூரம்: நடந்து போகிற அளவு. இரவு வேலை: வேண்டாம். அனுபவம்: புதியவர்.

புதியவர்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சுவிட்ச். 'கம்பெனிகளின் தேடலில் என் பெயரைக் காட்ட வேண்டாம்.' அது ஆன் ஆகியிருந்தது.

கண்ணாடி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். என்ன சொல்வதென்று தெரியாதபோது அவள் செய்கிற வேலை அது. பிறகு மெதுவாகச் சொன்னாள், இன்றைக்கு ராத்திரிக்குள் துழாவி வழியாக விண்ணப்பம் வந்துவிட வேண்டும், நாளைக் காலையில் மூடிவிடுவார்கள், வேறு வழியில் வாங்க மாட்டார்கள் என்று. வாரம் மாற்றி வாரம் இரவு வேலை உண்டு என்பதையும் சொன்னாள்.

"அனுப்புவீங்கல்லக்கா?"

"அனுப்புறேன். முதல்ல எனக்கு ஒருத்தர் பதில் சொல்லணும்."

*

படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள். அவளுக்கு வந்தது சாதாரணக் கோபமில்லை. எத்தனை இண்டர்வியூ, எத்தனை பேனா சுழற்றுகிற பையன்கள், நிலைக்கண்ணாடி முன் நின்று நரையை எண்ணிய எத்தனை காலைகள். அதெல்லாம் யாரோ ஒருவர் ஒரு விரலால் செய்த வேலை.

வீட்டுக்காரரா இருந்தாலும் குடுக்க மாட்டேன் என்று உள்ளே வாய் கிழியப் பேசிவிட்டு வந்தது ஞாபகம் வந்தது. டிவி பாஸ்வேர்டு! ஒரு வங்கிக்கே காவல் இருந்தவள், தன் வாழ்க்கைக்கு டிவி பாஸ்வேர்டை வைத்திருக்கிறாள். தன் கன்னத்திலேயே ஒன்று விடலாம் போலிருந்தது.

கண்காணிப்பு அறையில் ஒரு பழக்கம் உண்டு. உள்ளே ஆள் நுழைந்திருப்பது தெரிந்தால் கூச்சல் போட மாட்டார்கள். எதையும் கலைக்க மாட்டார்கள். சத்தமில்லாமல் பூட்டை மட்டும் மாற்றிவிட்டு உட்கார்ந்துவிடுவார்கள். பழைய சாவியோடு வருகிறவன் கதவருகே வந்து தடுமாறுவான். அப்போது பிடிப்பார்கள்.

பூட்டு பாஸ்வேர்டை மாற்றினாள். யாராவது தப்பான பாஸ்வேர்டு போட்டால் உங்கள் போனுக்குத் தகவல் வரட்டுமா என்று கேட்டது. வரட்டும் என்றாள். மற்றதெல்லாம் இருந்தபடி விட்டாள். தூரம், இரவு, புதியவர், அந்தச் சுவிட்ச், எதையும் தொடவில்லை.

பிறகு நேராகக் கொழுந்தன் ஆபீஸுக்குப் போனாள்.

அவன் காபி மெஷின் பக்கத்தில் நண்பர்களோடு நின்று சிரித்துக்கொண்டிருந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்ததும் கப்பைக் கீழே வைத்துவிட்டான். அவள் அவனை ஓரமாகக் கூப்பிட்டுப் போய்ச் சுற்றி வளைக்காமல் கேட்டாள். அவன் கொட்டிவிட்டான்.

"அண்ணன்தான் சொன்னாரு அண்ணி. நைட் ஷிப்ட் வேணாம், தூரம் வேணாம், லைட்டா ஏதாச்சும் ஒண்ணு போதும்னாரு. பெரிய வேலைன்னாலே ராத்திரியில கூப்பிடுவாங்க, அதான் அனுபவத்தையும் குறைச்சுப் போட்டேன். நல்லதுக்குன்னுதான் நினைச்சேன்."

"யார் நல்லதுக்கு?"

அவன் கப்பை வைத்த பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"அண்ணன் சொன்னா நீ செஞ்சிடுவியா? நீ மனுஷனா, மெஷினா? அந்த மெஷின்கூட என்னைக் கேள்வி கேட்டுட்டுத்தான் பதில் சொல்லுது."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். பேரை மறைக்கிற சுவிட்சைப் பற்றிக் கேட்டபோதுதான் நிமிர்ந்தான். அதை அவன் தொடவே இல்லையாம். வேலை தேட வைக்கிறவன் எதற்காகப் பேரை மறைக்கப் போகிறான் என்று அவளையே திருப்பிக் கேட்டான். வேண்டுமானால் உள்ளே யாரிடமாவது சொல்லி, எப்போது யார் மாற்றினார்கள் என்று பார்த்துச் சொல்கிறேன் என்றான்.

"நீ எனக்குப் பார்த்துச் சொன்னதெல்லாம் போதும் தம்பி. சாயங்காலம் வீட்டுக்கு வா. உங்கண்ணனுக்கும் போன் பண்ணிக் கடையைச் சீக்கிரம் சாத்தச் சொல்லு. நான் பண்ணினா கடை இருக்கிற தெருவே திரும்பிப் பார்க்கும்."

*

மருந்துக்கடைக்காரர் சாயங்காலத்தில் கடையைச் சாத்தினது அந்தக் கடையின் சரித்திரத்திலேயே இல்லை. வீட்டுக்குள் வரும்போதே அவருக்கு விஷயம் தெரிந்திருந்தது. தம்பி போனில் உளறியிருப்பான். சாப்பாட்டு மேஜையில் இரண்டு பேரும் அருகருகே உட்கார்ந்தார்கள், தலைமையாசிரியர் அறையில் உட்கார்ந்த பையன்கள் மாதிரி. மகள் அறைக் கதவு சாத்தியிருந்தது. படித்துக்கொண்டிருக்கிறாள் என்று பூட்டு நினைத்தாள்.

அவர் முதலில் சமாதானமாகத்தான் ஆரம்பித்தார். அவளுடைய உடம்பு, அவளுடைய தூக்கம், அவளுடைய ரத்த அழுத்தம் என்று மருந்துக்கடை பாஷையில் பேசினார். அவள் குறுக்கே பேசவில்லை. அந்த மௌனம் அவருக்குத் தைரியம் கொடுத்திருக்க வேண்டும். பழைய கதைக்குப் போனார்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் வங்கி மேல் பெரிய தாக்குதல் நடந்தது. பூட்டு நாள் கணக்காகக் கண்காணிப்பு அறையை விட்டு வெளியே வரவில்லை. அந்த அறைக்குள் போன் கொண்டுபோக முடியாது. வெளியே லாக்கரில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். அந்தச் சமயம் பார்த்து மகளுக்கு வயிற்றுவலி வந்து, அப்பெண்டிக்ஸ் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்து, உடனே ஆபரேஷன் என்று சொல்லிவிட்டார்கள். பூட்டு வெளியே வந்து போனைப் பார்த்தபோது மகள் ஆபரேஷன் முடிந்து தூங்கிக்கொண்டிருந்தாள்.

"டாக்டர் கையெழுத்துக் கேட்டப்ப நான் ஒருத்தன்தான் நின்னேன். நீ போனை எடுக்கவே இல்ல. மறுபடியும் அப்படி நிக்க என்னால முடியாது. அதான் தம்பிகிட்ட சொன்னேன்."

"தம்பிகிட்ட சொன்னீங்க. என்கிட்ட?"

"சொன்னா நீ கேட்டிருக்க மாட்டே."

"கேட்டிருக்க மாட்டேன். சண்டை போட்டிருப்பேன். நீங்களும் போட்டிருக்கலாம். பாத்திரம் பறந்திருக்கும், ரெண்டு நாள் பேசாம இருந்திருப்போம். அது குடும்பம். நீங்க பண்ணினது என்ன? என் காலைக் கட்டிப் போட்டுட்டு, ஐயோ நடக்க மாட்டேங்கிறாளேன்னு பக்கத்துல உட்கார்ந்து தடவிக் குடுத்தீங்க."

அது வெறும் பேச்சில்லை. அவள் அழுத ஒரு சாயங்காலம் இதே மேஜையில், இதே நாற்காலியில் உட்கார்ந்து, அவள் தோளைத் தடவிக்கொண்டே அவர் சொன்னது அவள் காதிலேயே இருந்தது. வயசாகுதுல்ல, அப்படித்தான் இருக்கும், மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. அந்தக் கை எவ்வளவு இதமாக இருந்தது! இப்போது அந்தத் தோள் அருவருத்தது.

"இன்னைக்கு ஒரு பையன் என்னைப் பார்த்து ஆன்ட்டி உங்க பையன் எங்கேன்னு கேட்டான். இன்னொருத்தன் வெரி குட் போட்டான். எனக்கு. வங்கிக்குள்ள வந்த கும்பலைக் கதவோட வச்சுப் பிடிச்சவளுக்கு. அதெல்லாம் என் தலையெழுத்துன்னு நினைச்சுட்டிருந்தேன். பார்த்தா அது உங்க கையெழுத்து."

கொழுந்தன் மேஜை விரிப்பின் நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

அவள் போனைத் திறந்து நடுவில் வைத்து, கடைசிச் சுவிட்சைக் காட்டினாள். பேரை மறைத்தது யார் என்று கேட்டாள். மருந்துக்கடைக்காரர் குனிந்து, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இறக்கிப் பார்த்தார். அப்படி ஒரு சுவிட்ச் இருப்பதே இப்போதுதான் தெரியும் என்றார். நைட் ஷிப்ட் வேணாம்னு சொன்னேன், உன்னையே வேணாம்னு சொல்வேனா என்றார். அவர் பொய் சொல்கிறபோது குரல் ஒரு படி ஏறும். இப்போது ஏறவில்லை. அதுதான் அவளை இன்னும் எரிச்சல்படுத்தியது. கொழுந்தன் மறுபடியும் சத்தியம் செய்தான்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்கள். அண்ணன் தம்பிக்குள் அப்படி ஒரு பார்வையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

"சரி. ரெண்டு பேரும் போனை எடுத்து மேஜை மேல வைங்க. கையும் மேஜை மேலதான் இருக்கணும்."

வைத்தார்கள்.

அவள் லேப்டாப்பைத் திறந்தாள். செய்வதை வாயால் சொல்லிக்கொண்டே செய்தாள், கண்காணிப்பு அறையில் செய்கிற மாதிரி, எல்லோருக்கும் கேட்கும்படி. தூரம், எவ்வளவு வேண்டுமானாலும். இரவு வேலை, சரி. அனுபவம் என்கிற இடத்தில் புதியவர் என்பதை அழித்துவிட்டுத் தன் வருஷங்களைப் போட்டபோது விரல் கொஞ்சம் அழுத்தமாகவே விழுந்தது. கடைசியாக அந்தச் சுவிட்சை அணைத்தாள். கண்ணாடியின் டீம் தலைமை வேலையைத் தேட வேண்டியிருக்கவில்லை. முதல் வரியிலேயே வந்து நின்றது.

மருந்துக்கடைக்காரர் மெதுவாக, "வாரம் மாத்தி வாரம் ராத்திரின்னு போட்டிருக்கு" என்றார்.

"படிச்சேன்."

"அவளுக்குப் பரீட்சை வருஷம்."

"அப்ப ராத்திரியில நீங்க முழிச்சிருங்க. கடையில மாத்திரைக்கா பஞ்சம்?"

கொழுந்தனுக்குச் சிரிப்பு வந்து, அண்ணனைப் பார்த்ததும் உள்ளேயே போய்விட்டது.

"இதோ அனுப்புறேன்" என்று பூட்டு சத்தமாகச் சொல்லிவிட்டு அழுத்தினாள். விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது என்று திரை சொன்னது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில், நாளைக் காலை வரை நீங்கள் இதைத் திரும்பப் பெறலாம் என்றும் இருந்தது.

அவளுக்கு ஜெயித்த மாதிரியும் இல்லை, தோற்ற மாதிரியும் இல்லை. கோபம் மட்டும் இன்னும் இறங்கவில்லை.

அவள் போன் அதிர்ந்தது.

கண்ணாடியாக இருக்கும் என்று எடுத்தாள். கண்ணாடி இல்லை. துழாவி. 'உங்கள் கணக்கில் தவறான பாஸ்வேர்டுடன் நுழைய ஒருவர் முயன்றார். இடம்: உங்கள் வீட்டு இணைப்பு.'

பூட்டு நிமிர்ந்து பார்த்தாள். எதிரே நான்கு கைகள். இரண்டு போன்கள், முகம் கவிழ்ந்தபடி. லேப்டாப் தன் முன்னால்.

போன் மறுபடியும் அதிர்ந்தது. அதே வரி.

மருந்துக்கடைக்காரர் என்ன என்று கண்ணால் கேட்டார். அவள் பார்வை சாத்தியிருந்த கதவுக்குப் போயிருந்தது. காலையில் சுவரோரமாகக் கிடந்த செருப்பு ஞாபகம் வந்தது. சாயங்காலம் படம் பார்க்கலாம் என்ற குரல் ஞாபகம் வந்தது. ஒவ்வொரு இண்டர்வியூவிலிருந்தும் தோற்றுத் திரும்பி வந்த சாயங்காலங்களில் கதவைத் திறந்தவுடன் ஓடி வந்து கட்டிக்கொண்ட கைகள். அதைத்தான் தனக்கு இருக்கிற ஒரே ஆறுதல் என்று இத்தனை நாளாக நினைத்துக்கொண்டிருந்தாள்.

எழுந்து போனாள். உள்ளே விசைகள் தட்டுகிற சத்தம் நிற்காமல் கேட்டது. கையிலிருந்த போன் மூன்றாவது தரம் அதிர்ந்தது. தட்டாமல் கதவைத் திறந்தாள்.

மகள் கட்டிலில் கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். திரையில் துழாவியின் வாசல். பாஸ்வேர்டு கட்டம் சிவப்பாக இருந்தது. அவள் பயந்துபோய் மூடுவாள், அழுவாள், அம்மா என்று ஓடி வருவாள் என்றுதான் பூட்டு நினைத்தாள். அவள் அசையவில்லை. அம்மாவின் முகத்தில் இருந்த கோபத்தைவிட ஒரு பிடி அதிகமான கோபம் அந்தச் சின்ன முகத்தில் இருந்தது.

"பூட்டை மாத்திட்டியா?"

"நீதானா அது?"

"ஆமா, நான்தான். மறைச்சது நான்தான். நீ பொலம்பும்போதெல்லாம், நல்லா மறைஞ்சிருக்கான்னு ஒரு தடவை உள்ள போய்ப் பார்த்துக்குவேன். இப்ப அனுப்பினதையும் எடுக்கத்தான் வந்தேன்."

"ஏன்டி?"

"நீ மறுபடியும் அந்த மாதிரி ஒரு அறைக்குள்ள போய் அடைஞ்சிடக் கூடாதுன்னுதான். அப்பா சும்மா கையெழுத்துப் போட்டேன்னு சொன்னாரே, அது மட்டுமா நடந்துச்சு அன்னைக்கு ஆஸ்பத்திரியில? மிச்சத்தையும் அவரையே சொல்லச் சொல்லு. மூணு வருஷமா நானும் அவரும் உன்கிட்ட சொல்லாம வச்சிருக்கோம்."

பின்னால் ஒரு நாற்காலி தரையில் உரசியது. மருந்துக்கடைக்காரர் எழுந்திருந்தார். மகள் பேரைச் சொல்லி அதட்ட வந்தவர், பாதியில் நிறுத்திவிட்டார். இந்தத் தரம் அவர் குரல் ஒரு படி ஏறியிருந்தது.

பூட்டு திரும்பவில்லை. கதவைப் பிடித்த கையையும் எடுக்கவில்லை.

"உட்காருங்க" என்றாள். "விண்ணப்பம் போனது போனதுதான், அதை யாரும் திருப்பி எடுக்கப் போறதில்ல. உங்க மிச்சத்தைச் சொல்லி முடிக்கிற வரைக்கும் இந்த வீட்டுல யாரும் எழுந்திரிக்கவும் போறதில்ல."